பூவில்லாத பொட்டலம்

உங்கள் பாட்டனுக்குப் பாட்டன் தொட்டிலுக்கே வராத காலம் அது. அப்போது ஏழுமடை என்று ஒரு நாடு இருந்தது. நாடு என்றதும் யானைப்படை குதிரைப்படை என்று மனசை ஓடவிடாதீர்கள். ஒரு பெரிய குளம், குளத்துக்கு ஏழு மடை, மடைக்குக் கீழே வயல், வயலை ஒட்டி ஊர், அவ்வளவுதான். மேற்குக் கடைசியில் ஒருத்தி கருவாடு வறுத்தால் கிழக்குக் கடைசியில் இருப்பவர்கள் அந்த மணத்திலேயே இரண்டு பிடி சோறு கூடச் சாப்பிடுவார்கள்.

அந்த நாட்டுக்கு ராஜா கூத்தபெருமாள். நல்ல மனிதர். குடை உண்டு, கொடி உண்டு, கோபம் மட்டும் கிடையாது. ஆனால் அவருடைய உயிர் அரண்மனையில் இல்லை, குளத்தின் கிழக்குக் கரைக்குக் கீழே இருந்த வாழைத்தோட்டத்தில் இருந்தது. செவ்வாழை, ரசகதலி, மட்டி என்று பார்த்துப் பார்த்துத் தம் கையாலேயே கன்று நட்ட தோட்டம். காலையில் எழுந்தால் அரண்மனையில் யாரையும் நலம் விசாரிக்கமாட்டார். நேராகத் தோட்டத்துக்குப் போய் ஒவ்வொரு குலையாக விசாரித்துவிட்டு வருவார். ராணிக்கு அதில் நிரம்ப மனத்தாங்கல். அதைச் சொல்லப் போனால் இந்தக் கதை முடியாது.

இந்த ஏழுமடை நாட்டில் ஒரு வழக்கம் இருந்தது. எதைச் செய்வதென்றாலும் பூக்கட்டிப் பார்ப்பார்கள். நம் ஊரிலும் அது உண்டே என்பீர்கள். நாம் கல்யாணம், வீடு என்று பெரிய காரியத்துக்குப் பார்ப்போம். அவர்கள் எல்லாவற்றுக்கும் பார்த்தார்கள். மாடு வாங்கப் பார்த்தார்கள், முடிவெட்டிக்கொள்ளப் பார்த்தார்கள், குழம்புக்குப் புளி கரைப்பதா மோர் ஊற்றுவதா என்பதற்கும் பார்த்தார்கள்.

குளக்கரையில் கரையடி அம்மன் கோயில். அங்கே பேராச்சி என்ற பெண் பூக்கட்டுவாள். வெள்ளைக்கு ஒரு நந்தியாவட்டை, சிவப்புக்கு ஒரு அரளி. இரண்டையும் தனித்தனியாக வாழையிலைத் துண்டில் மடித்து, நாரால் கட்டி, கண்ணை மூடிக்கொண்டு அம்மன் காலடியில் உருட்டிப் போடுவாள். வந்தவர் மனசில் காரியத்தை நினைத்துக்கொண்டு ஒரு பொட்டலத்தை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் செய்யலாம். சிவப்பு வந்தால் கூடாது.

இதனால் அந்த நாட்டில் ஒரு விசித்திரம் நடந்தது. அங்கே தப்புச் செய்தவன் என்று ஒருவனும் இல்லாமல் போனான்.

ஒருவன் தன் மச்சானைக் கடைத்தெருவில் வைத்து அடித்துவிட்டான். "ஏன்வே அடிச்சீரு?" என்று கேட்டார்கள். "நானா அடிச்சேன்? வெள்ளைப் பூல்லா வந்துது!" என்றான். கேட்டவர்கள் தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டார்கள். மச்சானும் கன்னத்தைத் தடவிக்கொண்டே, "பூ வந்துட்டுன்னா அவன் என்ன செய்வான் பாவம்" என்றான்.

கேட்க நன்றாக இருக்கிறது, இல்லையா? கொஞ்சம் பொறுங்கள். அங்கே நல்லது செய்தவன் என்றும் ஒருவனும் இல்லை. ஒரு தடவை கிணற்றில் விழுந்த பிள்ளையை ஒருவர் குதித்துத் தூக்கினார். குதிக்கும் முன்னால் ஓடிப்போய்ப் பூக்கட்டிப் பார்த்துவிட்டுத்தான் குதித்தார். நல்ல வேளை, வெள்ளை முதலிலேயே வந்தது. பிள்ளையின் தாய் நேரே கோயிலுக்குப் போய் அம்மனுக்குப் பொங்கல் வைத்தாள். குதித்தவர் வேட்டியைப் பிழிந்துகொண்டு வீட்டுக்குப் போனார். தலை துவட்ட ஒரு துண்டுகூட யாரும் கொடுக்கவில்லை. கொடுக்க வேண்டும் என்று அவருக்கும் தோன்றவில்லை.

ராஜாவும் அப்படித்தான். வரி போட்டால் பூ, வரியைக் குறைத்தால் பூ. பக்கத்து நாட்டு ராஜா வம்புக்கு வந்தபோதும் பூ. ராத்திரி படுத்தால் விடியும் வரை ஒரே தூக்கம். மனசில் ஒன்றுமே இல்லாதவருக்குத் தூக்கம் வராமல் எங்கே போகும்?

அந்தத் தூக்கத்துக்குத் தாலாட்டுப் பாட ஒருவர் இருந்தார். அவர் பெயர் நாவலப்பர், அரண்மனைப் பண்டிதர். எது நடந்தாலும் அது ஏன் நடந்தது என்று சொல்வதுதான் அவர் வேலை. ராஜா தும்மினால் மூன்று காரணம் சொல்வார், தும்மாவிட்டால் அதற்கும் மூன்று சொல்வார். கெட்டவர் இல்லை. சிரித்த முகம், இளகின மனசு. அவர் சொல்வதெல்லாம் இதுதான்:

"மனுசன் எதையும் செய்யுறதில்ல மகாராசா. பிறந்த வேளை பின்னால நின்னு தள்ளுது. அப்பன் ஆத்தா குணம் தள்ளுது. தின்ன சோறு தள்ளுது. நாம சும்மா உருளுதோம்."

"உருளுதது சொகமாத்தான் இருக்கு பண்டிதரே" என்பார் ராஜா.

ஒன்றே ஒன்றுதான் ராஜாவுக்கு அவ்வப்போது தொண்டையில் மீன்முள்ளாக உறுத்தும். பூக்கட்டுவதில் ஒரு சலுகை இருந்தது. எடுக்கும்போது மனசு ஒருநிலைப்படவில்லை என்றால் திரும்பக் கட்டச் சொல்லலாம். மொத்தம் மூன்று தரம் எடுக்கலாம், மூன்றாவது வந்ததுதான் முடிவு. ராஜா பல தரம் அப்படிச் சொல்லியிருக்கிறார். ஊரில் எல்லோருமே சொல்லியிருக்கிறார்கள். ஆனால் வேண்டிய பூ வந்த பிறகு மனசு ஒருநிலைப்படவில்லை என்று சொன்னவர் ஒருவரும் கிடையாது. ராஜாவுக்கு இது தெரியும். தெரியாத மாதிரி வைத்துக்கொண்டிருந்தார்.

அந்த வருஷம் ஐப்பசியில் மழை பிடித்தது. சாதாரண மழையா அது! வானத்தில் யாரோ மதகைத் திறந்துவிட்டுத் திறவுகோலைத் தொலைத்துவிட்ட மழை. வயல் நிறைந்தது, வாய்க்கால் நிறைந்தது, குளம் நிறைந்தது. உபரித் தண்ணீர் மறுகாலில் வழிந்தோடியும் மட்டம் ஏறிக்கொண்டே இருந்தது.

நடுப்பகலில் கரைகாக்கும் ஆட்கள் அரண்மனைக்கு ஓடி வந்தார்கள். மேலெல்லாம் சேறு.

"மகாராசா, மேக்குக் கரையில கசிவு. முதல்ல விரல் போவுற மாதிரி இருந்துது. பொறவு கை போவுற மாதிரி ஆச்சு. இப்ப தலை போவும். இருட்டும்முன்ன கரை உடைஞ்சிரும்."

மேற்குக் கரைக்குக் கீழே தாழத்தெரு. பானை வனைகிறவர்களும் பாய் முடைகிறவர்களும் குடியிருந்த தெரு. கிழவர்களையும் பிள்ளைகளையும் மேட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். ஆனால் வீட்டையும் சூளையையும் தறியையும் யார் தூக்கிக்கொண்டு வர முடியும்? கரை உடைந்தால் தாழத்தெரு என்று ஒரு தெரு இருந்தது என்பதற்குச் சுவடே இருக்காது.

"வழி இல்லையா?" என்று கேட்டார் ராஜா.

ஆட்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். "இருக்கு மகாராசா. கிழக்குக் கரைய வெட்டிவிட்டா தண்ணி நேரா ஆத்துக்குப் போயிரும். மேக்குக் கரைக்குப் பாரம் கொறைஞ்சிரும். ஆனா..."

ஆனாவுக்கு அப்புறம் அவர்கள் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை. கிழக்குக் கரைக்கும் ஆற்றுக்கும் நடுவே இருந்தது ராஜாவின் வாழைத்தோட்டம்.

செவ்வாழை எல்லாம் குலை தள்ளி நின்றன. தை பிறந்தால் வெட்டலாம். அவர் கண் முன்னால் ஒவ்வொரு மரமும் வந்து நின்றது. அடுத்த நொடியே அவருக்கு ஞாபகம் வந்தது. அடடா, இதில் நான் முழிக்க என்ன இருக்கிறது! அம்மன் இருக்கிறாள், பூ இருக்கிறது! உடனே முகம் தெளிந்துவிட்டது.

"பூக்கட்டிப் பார்ப்போம்" என்று சொல்லிவிட்டுக் குளக்கரைக்கு நடந்தார்.

பின்னால் பண்டிதர் தாழங்குடையைப் பிடித்துக்கொண்டு ஓடினார்.

கோயில் வாசலில் தாழத்தெரு முழுவதும் நின்றுகொண்டிருந்தது. மூட்டையும் முடிச்சுமாக நனைந்துகொண்டு நின்றார்கள். முன்னால் பானை வனையும் சொக்கன், கக்கத்தில் ஒரு கோழியோடு நின்றான். ராஜாவைப் பார்த்ததும் ஒருவரும் அழவில்லை, காலில் விழவில்லை. ராஜாவிடம் கெஞ்சி என்ன பயன்? சொல்லப்போவது பூதானே! கோழி மட்டும் ராஜாவை உற்றுப் பார்த்தது.

பேராச்சியும் தாழத்தெருக்காரிதான். அவள் வீடு மேற்குக் கரையை ஒட்டிய முதல் வீடு. ஆனாலும் வழக்கம்போல இலையை மடித்து, நாரைச் சுற்றி, கண்ணை மூடி உருட்டிப் போட்டாள்.

ராஜா மனசில் நினைத்தார்: கிழக்குக் கரையை வெட்டலாமா? உதடு அதைச் சொன்னது. உள்ளே வேறு ஒன்று, 'சிவப்பு, சிவப்பு, தாயே சிவப்பு' என்று சொல்லிக்கொண்டிருந்தது. ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார்.

வெள்ளை.

"கை ஈரமா இருந்துது" என்றார் ராஜா அவசரமாக. "மனசு ஒருநிலைப்படல. இன்னொரு தரம் கட்டு பேராச்சி."

"ஈரக் கை குளிர்ச்சி. குளிர்ச்சி வெள்ளையத்தான் இழுக்கும்" என்று பண்டிதர் உடனே காரணம் சொன்னார்.

பேராச்சி கட்டினாள், உருட்டினாள். ராஜா வேட்டியில் கையை நன்றாகத் துடைத்துக்கொண்டு எடுத்தார். பிரித்தார்.

மறுபடியும் வெள்ளை.

"தெக்குப் பாத்து நின்னுட்டேன்" என்றார் ராஜா. அவர் குரல் அவருக்கே பிடிக்கவில்லை. "மனசு ஒருநிலைப்படல. இன்னொரு தரம்."

"தெக்கு ஆகாத திசைதான்" என்றார் பண்டிதர்.

கூட்டத்தில் யாரோ இருமினார்கள். பேராச்சி நிமிர்ந்து ராஜாவை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு முதுகைத் திருப்பி உட்கார்ந்துகொண்டு, வழக்கத்தைவிட நிதானமாகக் கட்டினாள். இலை கிழிகிற சத்தமும் நார் முறுக்குகிற சத்தமும் ராஜாவுக்குக் கேட்டன. இரண்டு பொட்டலமும் அம்மன் காலடியில் உருண்டன.

ராஜா இந்தத் தடவை வடக்குப் பார்த்து நின்றார். கையைத் துடைத்தார். எடுத்தார். பிரித்தார்.

உள்ளே ஒன்றுமில்லை.

கீழே விழுந்துவிட்டதோ என்று தரையைப் பார்த்தார். இலையை உதறினார். திருப்பிப் பார்த்தார். இலை வெறும் இலையாக இருந்தது. குனிந்து மற்ற பொட்டலத்தையும் எடுத்து அவிழ்த்தார். அதிலும் பூ இல்லை.

"பண்டிதரே, இதுக்கு என்ன அர்த்தம்?"

பண்டிதர் வாயைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். ஏழுமடை நாட்டின் சரித்திரத்தில் முதல் தடவையாக அவருக்கு ஒரு காரணமும் அகப்படவில்லை.

எல்லோரும் ராஜாவையே பார்த்தார்கள்.

ராஜாவுக்குத் திகைப்பு வந்தது, பிறகு கோபம் வந்தது, பிறகு பயம் வந்தது. நாலாவது தரம் கட்டு என்று சொல்லலாம் என்று வாயெடுத்தார். மூன்றோடு முடிவு என்பது ஒரு பக்கம் இருக்கட்டும், எதற்காக இன்னொரு தரம் கேட்கிறார் என்பது கூடியிருந்த அத்தனை பேருக்கும் வெட்டவெளிச்சமாகிவிடுமே! அதைவிட, அவருக்கே வெளிச்சமாகிவிடுமே! எத்தனையோ வருஷமாக ஒரு பூவின் பின்னால் ஒளிந்து நின்றவர், இப்போது ஒளிய இடமில்லாமல் நின்றார்.

அவர் காத்திருந்தார். பண்டிதர் சொன்னபடி பிறந்த வேளை வந்து தள்ளும் என்று காத்திருந்தார். தள்ளத்தான் செய்தது. வலது பக்கம் திரும்பினால் தோட்டம். மழையில் ஒவ்வொரு செவ்வாழைக் குலையும் பளபளத்தது, ஒவ்வொன்றும் அவரைக் கூப்பிடுவதுபோல இருந்தது. இடது பக்கம் திரும்பினால் தாழத்தெரு. ஓலைக் கூரைகளில் இன்னும் அடுப்புப் புகை எழுந்துகொண்டிருந்தது. யாரோ ஒருத்தி போகிற போக்கில் உலை வைத்துவிட்டு வந்திருக்கிறாள். அங்கிட்டு ஒரு தள்ளு, இங்கிட்டு ஒரு தள்ளு. நடுவில் அவர் தனியாக நின்றார். அந்த இடத்தில் யாரும் தள்ளவில்லை.

"வெட்டு" என்றார்.

அவ்வளவு மெல்லச் சொன்னதால் மழையில் ஒருவருக்கும் கேட்கவில்லை. மண்வெட்டியோடு நின்றவன், "என்ன சொன்னிய மகாராசா?" என்று கேட்டான்.

பாருங்கள், சொன்னதை மாற்றிக்கொள்ள எவ்வளவு தோதான சந்தர்ப்பம்! ஒன்றும் சொல்லவில்லை என்று சொல்லிவிட்டால் போதும், உலகத்தில் யாருக்கும் தெரியாது. ராஜா ஒரு முறை கண்ணை மூடித் திறந்தார்.

"கிழக்குக் கரைய வெட்டுங்க" என்றார் கொஞ்சம் உரக்க.

"மகாராசா பதட்டத்துல ஏதோ சொல்லுதாவ" என்று பண்டிதர் குறுக்கே வந்தார். அவருக்கும் ரசகதலிப் பழம் என்றால் உயிர். "அம்மன் இன்னும் ஒண்ணும் சொல்லலியே!"

"அம்மன் சொல்லல!" ராஜா கத்தினார். வேட்டியை மடித்துக் கட்டினார். "நான் சொல்லுதேன்! வெட்டுங்கவே!"

நான் சொல்கிறேன் என்று அந்த நாட்டில் ஒருவர் சொல்லி அதற்கு முன் யாரும் கேட்டதில்லை. கூட்டம் ஒரு நொடி அசையாமல் நின்றது. அதற்குள் ராஜா பக்கத்தில் நின்றவனின் மண்வெட்டியைப் பிடுங்கிக்கொண்டு கிழக்கே ஓடினார். முதல் வெட்டை அவரே போட்டார். போட்ட வேகத்தில் வழுக்கிச் சேற்றில் பொத்தென்று உட்கார்ந்தார். அதற்கப்புறம் தாழத்தெரு முழுவதும் ஓடி வந்து வெட்டியது. பேராச்சியும் வந்து வெட்டினாள்.

தண்ணீர் திறந்துகொண்டு பாய்ந்தது. ராஜா கரையில் நின்று பார்த்தார். முதலில் மட்டி சாய்ந்தது, பிறகு ரசகதலி, கடைசியில் செவ்வாழை. ஒவ்வொரு குலையும் ஆற்றை நோக்கிப் போவதை முகத்தைத் திருப்பாமல் பார்த்தார். அழுதார். மழையில் அது கண்ணீரா மழையா என்று யாருக்கும் தெரியாது என்பீர்கள். எல்லோருக்கும் தெரிந்தது. அவ்வளவு சத்தமாக அழுதார்.

மேற்குக் கரை நின்றது.

மறுநாள் காலை வானம் வெளுத்தது. ராஜா அரண்மனை முற்றத்தில் உட்கார்ந்திருந்தார். போய் விசாரிக்கத் தோட்டம் இல்லை, அதனால் அதிசயமாக ராணியை விசாரித்தார். ராணி பயந்துபோய்க் கஷாயம் போட உள்ளே ஓடினாள்.

அப்போது சொக்கன் வந்தான். கையில் ஒரு புதுப் பானை, பானைக்குள் அந்தக் கோழி இட்ட முட்டை. அதைக் காலடியில் வைத்துவிட்டு, "நீங்க நல்லா இருக்கணும் மகாராசா" என்றான்.

ராஜா தமக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தார். யாரும் இல்லை.

"அம்மன்கிட்ட போய்ச் சொல்லுவே" என்றார்.

"அம்மனுக்குச் சொல்லியாச்சு. இது ஒங்களுக்கு."

இப்படி ஒன்று ராஜாவுக்கு நடந்ததே இல்லை. காது மடல் இரண்டும் சிவந்து சூடாயின. பானையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். கீழே வைக்க மனசே வரவில்லை.

அந்த நேரம் பார்த்து ஊர்ப் பெரியவர்கள் வந்தார்கள். ஏழுமடையில் சட்டம் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. ஆனால் ஒரு சட்டம் இரும்பு மாதிரி. அம்மன் பூவில் மோசடி செய்தவர் பொழுது சாயும் முன் ஏழு மடைக்கும் அப்பால் போய்விட வேண்டும், திரும்பி வரக் கூடாது. பேராச்சியை முன்னால் நிறுத்தினார்கள். மழையில் பிழைத்த வீட்டை விட்டு அவள் போக வேண்டிவரும் போலிருந்தது.

"நேத்து மூணாவது தரம் பூ இல்லாமப் போச்சே, அது எப்படி?" என்று பெரியவர்கள் கேட்டார்கள்.

பண்டிதர் நாவலப்பருக்கு மனசு கேட்கவில்லை. பேராச்சியைக் காப்பாற்ற அவரே முன்வந்தார். அவரிடம் காரணங்களுக்கா பஞ்சம்!

"ஏ பேராச்சி, காத்து அடிச்சு பூ பறந்திருக்கும். அப்படித்தானே?"

"இல்ல சாமி. காத்து இல்ல."

"வீடு போவுதேன்னு பயத்துல கை தடுமாறியிருக்கும். அப்படித்தானே?"

"இல்ல சாமி. கை தடுமாறல."

"அப்பம் அம்மனே ஒம்மேல இறங்கி ஒங் கையப் பிடிச்சிருக்கா. ஒனக்கு நெனவே இல்ல. அப்படின்னு சொல்லிரு தாயி!" பண்டிதர் கிட்டத்தட்டக் கெஞ்சினார்.

பெரியவர்களும் ஆமென்று சொல்லக் காத்திருந்தார்கள். ஒரு தலையாட்டு போதும், எல்லோரும் வீட்டுக்குப் போய்க் கஞ்சி குடிக்கலாம்.

"நெனவு இருக்கு சாமி" என்றாள் பேராச்சி. "நாந்தான் பூ வைக்கல. வேணும்னுதான் வைக்கல."

ராஜா பானையைப் பிடித்தபடியே கேட்டார்: "ஒன் வீடும் போவும்னு தெரியும்லா. ரெண்டுலயும் வெள்ளைய வச்சிருந்தா நீ நெனச்சது நடந்திருக்குமே. ஏன் வைக்கல?"

"வச்சிருந்தா இன்னொரு தரம் கட்டச் சொல்லியிருப்பிய மகாராசா." பேராச்சி தலை குனிந்து சொன்னாள். "மூணோட முடியும்னு சட்டம் இருக்கு. ஆனா கால் சரியில்ல, கண் சரியில்லன்னு ஏதாவது சொல்லுவிய. பண்டிதரும் ஆமாம்பாரு. எப்பவாவது செவப்பு வரும். வந்த ஒடனே மனசு ஒருநிலைப்பட்டிரும். இத்தனை வருசம் கட்டுதேன், எல்லாரையும் பாத்துட்டேன். பூ ஒருநாளும் யாருக்கும் எதுவும் சொன்னதில்ல. அதான் பூவ எடுத்துட்டு, ஒங்கள விட்டுப் பாத்தேன்."

பெரியவர்கள் எல்லோரும் திடீரென்று தங்கள் கால் விரல்களை ஆராய ஆரம்பித்தார்கள். ராஜாவின் முகம் செவ்வாழை நிறத்துக்கு வந்தது.

"நான் வெட்ட வேண்டாம்னு சொல்லியிருந்தா?"

"தெரு போயிருக்கும். அதுல எம் பங்கும் இருந்திருக்கும். அப்பவும் நாந்தான் பூ வைக்கலன்னுதான் சொல்லியிருப்பேன் மகாராசா. சொல்லிட்டு, அழுதிருப்பேன்."

பண்டிதர் தொண்டையைக் கனைத்தார். ராத்திரி முழுக்க யோசித்து நேற்றைய காரியத்துக்கும் அவர் காரணம் கண்டுபிடித்து வைத்திருந்தார்.

"இவ பூ வச்சா என்ன, வைக்காட்டா என்ன? மகாராசா வெட்டச் சொன்னது பிறந்த அன்னைக்கே எழுதினது. பிறந்த வேளையில சந்திரன் நல்ல இடத்துல இருக்கான். தாயார் இளகின மனசு. காலையில சாப்பிட்டது குழைஞ்ச சோறு, அதுவும் இரக்கத்த உண்டாக்கும். எல்லாம் சேந்து தள்ளியிருக்கு. வெட்டுன்னு சொல்லாம இருக்க முடியாது."

"பண்டிதரே, நான் வெட்டாதன்னு சொல்லியிருந்தா?" என்று கேட்டார் ராஜா.

"அதுக்கும் காரணம் இருக்கு" என்றார் பண்டிதர் உற்சாகமாக. "செவ்வாய் பாத்துட்டு இருக்கான், தோப்பனார் பிடிவாதக்காரர்..." சொல்லிக்கொண்டே வந்தவர் சட்டென்று நிறுத்திக்கொண்டார். பிறகு அவரே முதலில் சிரித்துவிட்டார். முற்றமே சிரித்தது.

ராஜாவும் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டுச் சொன்னார்: "நீரு சொல்லுதது பொய்யில்ல வே. எல்லாம் தள்ளத்தான் செஞ்சுது. தோட்டம் ஒரு பக்கம் தள்ளுச்சு, இந்தச் சொக்கன் கோழி ஒரு பக்கம் தள்ளுச்சு. ஆனா நடுவுல ஒரு எடம் இருந்துது. அங்க வந்து ஒருத்தரும் தள்ளல. அங்க நான் மட்டும் நின்னேன். பயமாத்தான் இருந்துது. ஆனா அந்த எடம் இல்லன்னு மட்டும் இனி எங்கிட்ட சொல்லாதீரும்."

அந்த இடத்துக்கும் ஒரு காரணம் இருக்கும் என்று பண்டிதர் மனசுக்குள் தேட ஆரம்பித்துவிட்டார். தேடட்டும், அது அவர் தொழில்.

"சரி, தீர்ப்பு என்ன?" என்றார்கள் பெரியவர்கள். "சட்டப்படி இவ போவணும். வழக்கப்படி பூக்கட்டிப் பாத்திரலாமா?"

"யாரு கட்டுவா?" என்று சொக்கன் கேட்டான். எல்லோரும் பேராச்சியைப் பார்த்தார்கள். அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

ராஜா எழுந்து நின்றார். பானையை மெல்லக் கீழே வைத்தார். நேற்றுப் போலவே அங்கிட்டும் இங்கிட்டும் தள்ளியது. சட்டம் பழைய சட்டம். அதை விட்டால் நாளைக்கு நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள். விடாவிட்டால் இவள் மூட்டை கட்டுவாள். ராஜா அவசரப்படவில்லை. நேற்று நின்ற இடத்துக்கு வழி அவருக்குத் தெரிந்துவிட்டது. போய் நின்றார்.

"பேராச்சி செஞ்சது தப்பு" என்றார். "அம்மன் பேரச் சொல்லி வெறும் இலையக் கொடுத்தா. அவளே ஒத்துக்கிட்டா. ஆனா அவ எங்கயும் போவ வேண்டாம். சட்டத்த நான் மாத்துதேன். மாத்துனது பூவுமில்ல, பிறந்த வேளையுமில்ல. நாளைக்கு இது தப்புன்னு ஒங்களுக்குப் பட்டா, நேரா வந்து எங்கிட்ட கேளுங்க. நான் இங்கதான் இருப்பேன்."

பெரியவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஒரு ராஜாவிடம் போய் ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்கலாம் என்பதே அவர்களுக்குப் புதிதாக இருந்தது. அவர்களில் ஒருவருக்கு அந்த யோசனை மிகவும் பிடித்துப்போய், போன வருஷத்து வரியைப் பற்றி அங்கேயே கேட்க ஆரம்பித்துவிட்டார். ராஜா உட்கார்ந்து பதில் சொன்னார். மத்தியானம் வரை சொன்னார். பாதி வரி தப்பு என்று ஒத்துக்கொண்டார்.

அன்று இரவு ராஜாவுக்குத் தூக்கம் கொஞ்சம் குறைந்ததாம். ஆனால் காலையில் எழுந்தபோது, தூங்கி எழுந்தது தாம்தான் என்று அவருக்கு நன்றாகத் தெரிந்ததாம்.

கேட்டவர்களே, நம்மைப் பின்னால் நின்று தள்ளுகிற காரணங்கள் ஆயிரம் இருந்தாலும், செய்ததை நான் செய்தேன் என்று சொல்லி அதற்கு வருகிற பழியையும் வாழ்த்தையும் ஏற்றுக்கொள்கிறவரே முழு மனிதர்.